சர்க்கரைக்காக வயிற்றில் கத்தி வைக்கலாமா? டயட், ஊசி, ஸ்லீவ், பைபாஸ்: எங்கள் வீட்டில் எடைபோட்டுப் பார்த்தது

போன ஆண்டு பொங்கலுக்கு மறுநாள் தம்பி, "பைபாஸ் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னதும் அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நம் ஆட்களுக்கு பைபாஸ் என்றால் நெஞ்சைப் பிளப்பதுதான். அப்பாவுக்கு அது நடந்திருக்கிறது, அதனால் அம்மாவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "உனக்கு நெஞ்சுல என்னடா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நெஞ்சு இல்லம்மா, இரைப்பை, சர்க்கரைக்காகத்தான் என்று அவன் விளக்கியதும் அழுகை நின்று கோபம் வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கும்போது யாராவது வயிற்றைக் கிழிப்பார்களா?

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடித்தான் நான் ஆறு மாதம் அவனோடு ஒவ்வொரு மருத்துவச் சந்திப்புக்கும் போனேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதே நேரத்தில் இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கும் எங்கள் அத்தைக்கும் இதே கேள்வி வந்தது, ஆனால் அவருக்குக் கிடைத்த பதில் நேர் எதிர். நான் மருத்துவர் இல்லை. இரண்டு பேருக்கும் ஏன் இரண்டு வேறு பதில் என்று புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆனது, உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பேரின் கணக்கு. தம்பிக்கு 41 வயது, உயரம் 172 சென்டிமீட்டர், எடை 104 கிலோ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 35. நீரிழிவு வந்து நான்கு ஆண்டு. மெட்ஃபார்மின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இரண்டும் போட்டும், மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி 8.9-ல் நின்றது. பாலிகிளினிக் என்னும் பலதுறை மருந்தகத்தில் அடுத்தது இன்சுலின் பற்றிப் பேச்சு வந்தது, அப்போதுதான் மருத்துவமனையின் எடைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் கடிதம் கொடுத்தார்கள். அத்தைக்கு 63, பிஎம்ஐ 29, நீரிழிவு 19 ஆண்டு, தினம் இரண்டு வேளை இன்சுலின், சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருக்கிறது.

எடை குறைக்கும் அறுவை சிகிச்சை என்றால் "எதுவுமே கேட்கலன்னா கடைசியா பார்த்துக்கலாம்" என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறதல்லவா, எனக்கும் இருந்தது. இதுதான் நான் மாற்றிக்கொண்ட முதல் விஷயம், சொல்லப்போனால் முக்கியமான விஷயமும் இதுதான். இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் ஆண்டுக்கு ஆண்டு களைத்துக் குறைந்துகொண்டே போகின்றன. அறுவை சிகிச்சை அந்தச் செல்களின் சுமையை இறக்கி வைக்கும், கொழுப்பு மூடித் தூங்கிக்கொண்டிருப்பவற்றை எழுப்பிவிடும், ஆனால் செத்துப்போனதைத் திரும்பத் தராது. ஆக, கடைசி வரைக்கும் காத்திருந்து போனால் காப்பாற்ற மிச்சம் ஒன்றும் இருக்காது. தைவானைச் சேர்ந்த வெய்-ஜெய் லீ என்ற அறுவை மருத்துவர் இதற்கு நான்கு அம்சங்களை வைத்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார்: வயது, பிஎம்ஐ, கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் ரத்தப் பரிசோதனை, நீரிழிவு வந்து எத்தனை ஆண்டு. கடைசியில் சொன்ன ஆண்டுக் கணக்கில் ஓராண்டுக்குள் என்றால் முழுசாக மூன்று மதிப்பெண், எட்டு ஆண்டைத் தாண்டிவிட்டால் பூஜ்யம். அத்தை 19 ஆண்டு. அங்கேயே பாதிக் கதை முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு நான் கொடுத்த இன்னொரு பதில் ஆய்வுகளில் கிடைத்தது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக் நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வில் 150 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நல்ல தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும், இன்னொரு பகுதிக்கு மருந்தோடு ஸ்லீவ் என்ற இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை, மூன்றாவதுக்கு மருந்தோடு இரைப்பை பைபாஸ். ஐந்தாம் ஆண்டு முடிவு 2017-ல் வந்தது. எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காடு, ஸ்லீவில் 23, பைபாஸில் 29. இதில் கவனிக்க வேண்டியது, சேர்ந்தவர்களுக்கு நீரிழிவு வந்து சராசரியாக எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சுவீடனில் நடந்த பெரிய நீண்டகால ஆய்வில் அறுவை செய்தவர்களில் இரண்டாம் ஆண்டு 72 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியிருந்தது, பத்தாம் ஆண்டு அது 36 ஆகக் குறைந்தது. அமெரிக்காவில் நான்கு ஆய்வுகளைச் சேர்த்து, 262 பேரைத் தொடர்ந்து பார்த்து 2024-ல் வெளியிட்டது இன்னும் கடினமான கணக்கு: ஏழாம் ஆண்டில் அறுவைப் பக்கம் 18.2 விழுக்காடு, மருந்துப் பக்கம் 6.2. பன்னிரண்டாம் ஆண்டில் 12.7-க்கு எதிராகப் பூஜ்யம்.

இந்த எண்களைப் பார்த்துத் தம்பி முதலில் சோர்ந்துதான் போனான். "பன்னிரண்டு வருஷத்துல எட்டுல ஒருத்தனுக்குத்தான்னா, எதுக்குக்கா இந்த ரிஸ்க்?" நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடங்குவது ஒன்று, கட்டுக்குள் இருப்பது இன்னொன்று. மாத்திரை எதுவும் இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் அடங்கியது என்று 2021-ல் நிபுணர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஒரு மாத்திரையோடு 6.6-ல் இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார், ஆனால் அவருடைய கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது பெரிய லாபம். அந்த 262 பேரில் ஏழாம் ஆண்டில் அறுவைப் பக்கம் எச்பிஏ1சி சராசரியாக 1.6 புள்ளி குறைந்திருந்தது, மருந்துப் பக்கம் வெறும் 0.2. சுவீடன் ஆய்விலும் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சிக்கல்கள் அறுவை செய்தவர்களுக்கு ஏறக்குறையப் பாதிதான் வந்தன. பத்து ஆண்டு கழித்துச் சர்க்கரை திரும்பி வந்தாலும், நடுவில் நல்லபடியாகக் கழிந்த ஆண்டுகள் உடம்பில் வரவாக நிற்கின்றன. அப்பாவைப் பார்த்த எங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, இப்போது ஒவ்வொரு வழியாக.

டயட்டைத் தம்பி உண்மையாகவே முயன்று பார்த்தான், அதனால் அதைத் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வு நடந்தது. நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருக்கும், இன்சுலின் போடாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை தினம் 850 கலோரிக்குள் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது, இரண்டாம் ஆண்டில் 36. இன்னும் சொல்லப்போனால் அறுவைக்குப் பிறகு ஒரு சில நாளிலேயே சர்க்கரை இறங்குவதற்கும் பெரிய காரணம் இதே பட்டினிதான்: கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு கரைந்ததும் அது கண்டபடி சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுவதை நிறுத்திவிடுகிறது. 2020-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில் டயட்டில் 18 விழுக்காடு எடை குறைத்தவர்களும் பைபாஸில் அதே அளவு குறைத்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே பலனைப் பெற்றிருந்தார்கள். அப்படியென்றால் டயட்டே போதுமே என்று தோன்றும். குறைப்பது முடிகிறது, குறைந்ததைக் காப்பாற்றுவதுதான் முடியவில்லை. டைரக்டில் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் ஐந்தாம் ஆண்டில் 13 விழுக்காட்டினருக்குத்தான் அடங்கியிருந்தது. தம்பி பன்னிரண்டு வாரத்தில் 9 கிலோ குறைத்தான். இரவு வேலை முடிந்து வருகிறவனுக்குக் காப்பிக்கடையில் பிராட்டாவும் மீ கோரெங்கும்தான் திறந்திருக்கும். தீபாவளி தாண்டியதும் 9 கிலோவும் திரும்பிவிட்டது. அவனுடைய மன உறுதியைக் குறை சொல்ல மாட்டேன். எடை குறையக் குறைய உடம்பே பசியைக் கூட்டுகிறது, அந்தப் பசியோடு எத்தனை ஆண்டு ஒருவர் மல்லுக்கட்ட முடியும்?

ஆனாலும் போன மாதம்தான் சர்க்கரை என்று தெரிந்தது, பிஎம்ஐ 27 என்றால் டயட்டில்தான் தொடங்க வேண்டும், அதுவும் தள்ளிப்போடாமல்.

அடுத்தது வாராந்தர ஊசி. ஒசெம்பிக் என்று எல்லோரும் சொல்லும் செமாகுளூடைட், மௌஞ்சாரோ என்ற பெயரில் வரும் டிர்செபடைட். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும் இடத்தில்கூட இந்தப் பேச்சு வந்துவிட்டது. இவை நல்ல மருந்துகள், அதில் சந்தேகமில்லை. அதிகபட்ச அளவில் டிர்செபடைட் எச்பிஏ1சியை 2 புள்ளிக்கு மேலேயே குறைத்ததாக ஆய்வு இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் வரும் எடைக் குறைவு எண் பெரும்பாலும் நீரிழிவு இல்லாதவர்களுடையது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது குறைவு: எடைக்கான முழு அளவு செமாகுளூடைட்டில் சராசரியாக 9.6 விழுக்காடு, டிர்செபடைட்டில் 14.7. பைபாஸில் கால் பங்கு எடை போவது சாதாரணம். அப்புறம், நிறுத்தினால்? நீரிழிவு இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வில், செமாகுளூடைட்டை நிறுத்தி ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆகவே ஊசி என்றால் ஒரு கோர்ஸ் என்று நினைக்காதீர்கள், ரத்த அழுத்த மாத்திரையைப் போல அது தொடரும். மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கி, அதைப் பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சிலருக்குக் கடுமையாகவே வருகின்றன.

அத்தைக்கு மருத்துவர் சொன்னது இந்த ஊசியைத்தான், அதற்கு ஒரு நல்ல காரணமும் இருந்தது. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் 2024-ல் வந்த ஃப்ளோ ஆய்வில், செமாகுளூடைட் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாவதும் சிறுநீரக அல்லது இதயக் காரணத்தால் சாவதும் 24 விழுக்காடு குறைவாக இருந்தன. பத்தொன்பது ஆண்டு ஓடிய கணையத்தை எழுப்பப் பார்ப்பதைவிட, இருக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதுதான் அவருக்கு முக்கியம். ஒன்று மட்டும் கவனம்: சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை மோசமாகலாம், அது ஊசியானாலும் சரி, அறுவையானாலும் சரி. முதலில் கண் பரிசோதனை, அப்புறம்தான் மற்றது.

அறுவை என்று முடிவானால் ஸ்லீவா பைபாஸா? ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுவது. குடலைத் தொடுவதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டையளவு பை மட்டும் வைத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள், மீதி இரைப்பை உள்ளேயே சும்மா இருக்கும். சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போவதால் அங்கிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் வெள்ளமாகச் சுரக்கிறது. ஒசெம்பிக் ஊசி போலி செய்வது இதே ஹார்மோனைத்தான். நார்வேயில் நீரிழிவு உள்ள 109 பேரிடம் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள், 2019-ல் முடிவு வந்தது: ஓராண்டில் பைபாஸில் 74 விழுக்காட்டினருக்கு நோய் அடங்கியது, ஸ்லீவில் 47. சர்க்கரைதான் முதல் காரணம் என்றால் என் கை பைபாஸ் பக்கம்தான் நீளும். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு இன்னும் நிச்சயமாக, ஏனென்றால் ஸ்லீவ் அதைக் கூட்டிவிடும். ஸ்லீவுக்கும் இடம் உண்டு. மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை இல்லாமல் முடியாதவர்கள் பைபாஸ் பக்கம் போகக்கூடாது, இணைப்பில் புண் வரும். குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால் அந்த ஒதுக்கிவைத்த இரைப்பையைப் பின்னால் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பது கஷ்டம், அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவு முற்றியவர்களுக்கு இரண்டிலும் சர்க்கரைப் பலன் குறைவு என்பதால் ஆபத்து குறைந்த ஸ்லீவே போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

ஆபத்தைப் பற்றி அம்மா கேட்டது, "செத்துப் போவாங்களா?" என்று நேரடியாக. முதல் முப்பது நாளில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று, பித்தப்பை அறுவையோடு ஒப்பிடக்கூடிய அளவுதான். கசிவு, ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறைவது இவையும் உண்டு, அவற்றுக்காக மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம். ஆனால் எனக்குக் கவலை தந்தது அந்த முப்பது நாள் இல்லை, அதற்கப்புறம் வரும் முப்பது ஆண்டு. இரும்பு, பி12, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. அந்த 262 பேரிலும் ரத்தசோகையும் எலும்பு முறிவும் அறுவைப் பக்கம்தான் அதிகம். சர்க்கரை மாத்திரை போய் வைட்டமின் மாத்திரை வந்தது என்று சொல்லலாம், ஆனால் வைட்டமினை மறந்தால் உடனே தெரியாது, இரண்டு மூன்று ஆண்டு கழித்து நரம்பிலும் எலும்பிலும் தெரியும். பொறுப்பாக மாத்திரை போடாதவர், பரிசோதனைக்கு வராதவர் என்றால் நான் அவருக்கு அறுவை வேண்டாம் என்றே சொல்வேன். மது பழக்கம் உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ஏறும், அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது.

நம் சாப்பாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை உணவு ஆலோசகர்கள் எல்லோரும் விரிவாகச் சொல்வதில்லை. தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் போக வேண்டும், வயிறோ அரைக் கிண்ணத்தில் நிறைந்துவிடும். சோற்றில் ஆரம்பித்தால் பருப்புக்கும் மீனுக்கும் இடமே இருக்காது. அதனால் முதலில் மீன், முட்டை, பருப்பு, கடைசியில் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. சைவக்காரர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவாக இருக்கும், முன்கூட்டியே பரிசோதித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். தம்பி இந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தான், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தான். விரதமிருந்த நாள்களில் தாவ் குவா, தெம்பே போன்ற சோயா உணவுகள், தயிர், புரதப் பவுடர் என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பட்டியல் போட்டுத்தான் சமாளித்தோம். இனிப்பில்தான் அடிபட்டான். ஒருநாள் கரும்புச்சாறு ஒரு பெரிய கிளாஸ் குடித்துவிட்டு முதலில் படபடப்பு, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 3.1 மில்லிமோலுக்கு இறங்கி வியர்த்து உட்கார்ந்துவிட்டான். பைபாஸுக்குப் பிறகு வரும் தாழ்சர்க்கரை இப்படித்தான், அதுவும் காரோட்டும்போது வந்தால் விபரீதம்.

தகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. "நான் அவ்வளவு குண்டு இல்லையே" என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஆசியர்களுக்கு அளவுகோல் வேறு. நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. இங்கே 2010-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, சீனர்களில் 9.7. 2016-ல் உலக நீரிழிவு அமைப்புகள் பல சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆசியர்களுக்கு பிஎம்ஐ 37.5-க்கு மேல் என்றால் சர்க்கரை எப்படி இருந்தாலும் அறுவை பரிந்துரைக்கலாம், 32.5-க்கு மேல் சர்க்கரை கட்டுப்படாவிட்டால் பரிந்துரைக்கலாம், 27.5-க்கு மேல் மருந்துக்கும் கட்டுப்படாவிட்டால் பரிசீலிக்கலாம். 170 சென்டிமீட்டர் உயரத்துக்கு 27.5 என்பது ஏறக்குறைய 80 கிலோதான். முதல் வகை நீரிழிவு என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒல்லியாக இருந்து சர்க்கரை வந்தவர்கள் எது வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பணம்: மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் அறுவைக்கு மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், அரசுக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் உதவுகின்றன, அழகுக்காக என்றால் இல்லை. தனியார் காப்புறுதியில் ஏற்கெனவே இருந்த நோய் என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு, மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, அறுவைக்கு முன் இரண்டு வாரம் கல்லீரலைச் சுருக்க நீராகார டயட் கொடுப்பார்கள். எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுபவர்கள் அந்த நேரத்தில் அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள். பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும், சர்க்கரை எண் சாதாரணமாகக் காட்டும்போதே ஏறும்.

தம்பிக்கு அறுவை முடிந்து பதினான்கு மாதம். 78 கிலோ, எச்பிஏ1சி 5.9, சர்க்கரை மாத்திரை இல்லை. ஒன்பதாம் மாதத்தில் இரும்புச் சத்து இறங்கியது, நரம்பு வழியாக ஏற்றினார்கள். முடி கொட்டி மறுபடி வளர்ந்தது. அத்தைக்கு எட்டு மாத ஊசியில் 6 கிலோ குறைந்தது, இன்சுலின் அளவு பாதியாகியிருக்கிறது, சிறுநீரில் புரதமும் இறங்கியிருக்கிறது.

இப்போது என் மனம் முழுக்க சித்தப்பா மகன்மேல்தான். 33 வயது, பிஎம்ஐ 34, போன டிசம்பரில்தான் சர்க்கரை என்று தெரிந்தது, எச்பிஏ1சி 9.4. "மாத்திரையில ஒரு அஞ்சு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் பாக்கறேன்கா" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லியிருக்கிறேன், தம்பியும் இருப்பான். வரும்போது பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு வரவும், சி-பெப்டைட் எடுத்தார்களா என்று பலதுறை மருந்தகத்தில் கேட்டு வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.